மாஸ்டரா, நடுவரா?

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் ஐந்து பேர் சனிக்கிழமைகளில், கதாபாத்திரங்களாக வேடமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை ஆடுகிறோம். எங்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம்; எதிரிகள், ஊர், வானிலை எல்லாம் ஆட்டத்தை நடத்தும் நண்பர் கையில். கேள்வி கேட்டால், "நான்தான் மாஸ்டர், நான் சொல்வதுதான் முடிவு" என்கிறார். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. வேறு ஆட்டங்களில் வேறு பெயர்கள் உண்டாமே, எது சரி?

வாசகி ஒருவர்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் ஆடும் ஆட்டத்திலேயே அந்தப் பெயர் முதலில் கிடையாது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட முதல் பதிப்பில் அவர் 'ரெஃப்ரி', அதாவது நடுவர். டன்ஜன் மாஸ்டர் என்ற பெயர் அடுத்த ஆண்டுதான் அச்சுக்கு வந்தது.

நடுவர் என்பது போர் விளையாட்டுகளிலிருந்து வந்த பெயர். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் விளையாட்டில் இரு தரப்பும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் கொடுக்கும். எந்தப் படை யார் கண்ணுக்குத் தெரியும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார். சேதத்தைப் பகடையும் அட்டவணையும் சொல்லும். 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவசாலியான நடுவரே தீர்மானிக்கட்டும் என்றார். ஆக, உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் அப்போதே தொடங்கிவிட்டது! அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி 1969-ல் நடத்திய பிரவுன்ஸ்டைன் ஆட்டத்தில், படைத்தளபதிகளோடு ஊர்க்காரர்களின் வேடத்தையும் ஆட்களுக்குக் கொடுத்தார். அவர்கள் விதியில் இல்லாததையெல்லாம் செய்யக் கிளம்ப, நடுவர் அங்கேயே யோசித்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அதில் ஆடியவர்தான் ஆர்னசன்.

அப்புறம் வந்த ஆட்டங்கள் தங்களுக்கு வேண்டிய வேலையைப் பெயரிலேயே வைத்தன. கால் ஆஃப் கதுலுவில் (1981) அவர் 'கீப்பர்', மர்மங்களைக் காத்து வைத்திருப்பவர். வாம்பயரில் (1991) 'ஸ்டோரிடெல்லர்', கதைசொல்லி. இந்தப் பெயர்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கதை ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது, மற்றவர்கள் கேட்டால் போதும் என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. ஆட்டத்தின் உயிரே, அடுத்து என்ன நடக்கும் என்பது நடத்துபவருக்கும் தெரியாமல் இருப்பதுதான். 2010-ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் அவர் வெறும் 'எம்சி', அதாவது நிகழ்ச்சியை நடத்துபவர். பகடையை அவர் தொடுவதே இல்லை. எப்போது என்ன செய்யலாம் என்று அவருக்கும் விதிகள் எழுதியிருக்கின்றன. கதையை முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. 2009-ல் வந்த ஃபியாஸ்கோவில் அந்த ஆளே கிடையாது, எல்லோரும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

என்னைக் கேட்டால், நடுவர்தான் சரி. நடுவருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்ற கடமையும் சேர்ந்தே வருகிறது. டன்ஜன் மாஸ்டர் என்றே கூப்பிட்டாலும் குற்றமில்லை, அது அந்த ஆட்டத்தின் வழக்கம். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் உங்கள் சங்கடம் தீராது. அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்: பகடையை எல்லோர் முன்னும் உருட்டுவாரா, அட்டைத் திரைக்குப் பின்னாலா? ஒரு விதியில் சண்டை வந்தால் ஆட்டம் நிற்காமல் அவர் தீர்ப்புச் சொல்லட்டும். முடிந்தபின் எல்லோரும் புத்தகத்தைத் திறந்து பார்த்து, தவறென்றால் அடுத்த வாரத்திலிருந்து மாற்றிக்கொள்ளலாமா? இதற்கெல்லாம் அவர் சரி என்றால், மாஸ்டர் என்றே கூப்பிடுங்கள்.