டேப்பும் நோட்டும் சைட்டில் இருக்கட்டும்: கட்டட ஒப்பந்தக் கேள்வி-பதில்

சதுர அடி ரேட்டில் வீடு கட்டக் கொடுத்தேன். ரூஃப் போட்டபின் சம்ப், போர்டிகோ, சன்ஷேடுக்கெல்லாம் தனியாக 3 லட்சம் கேட்கிறார் காண்ட்ராக்டர். கொடுக்கத்தான் வேண்டுமா?

ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். ரேட் இருக்கும், எதையெல்லாம் சதுர அடியில் சேர்ப்பது என்ற வரி இருக்காது. நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை தொடங்கியது இந்த இடத்தில்தான். போர்டிகோவும் ஹெட்ரூமும் (மாடிப்படிக்கு மேலே வரும் அறை) முழு அளவா, பாதியா? செப்டிக் டேங்க் ரேட்டுக்குள் அடக்கமா? எழுதாமல் விட்டால் இருவருமே நியாயம் தன் பக்கம் என்றுதான் நம்புவார்கள்.

அதற்காக, ‘எழுதவில்லை, தரமாட்டேன்’ என்று நிற்காதீர்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை ஏற்றுக்கொண்டவர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 70ஆவது பிரிவு. இருவரும் சேர்ந்து டேப் பிடித்து அளந்து, ரேட் பேசி, எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மிச்ச வேலைக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மாற்றம், சொன்னவர், ரேட், இரண்டு கையெழுத்து, இவ்வளவு போதும். ‘படிக்கட்டுக்கு அடியில் டாய்லெட், 4க்கு 5, அம்மா சொன்னது’ என்று என் சைட்டில் மேஸ்திரி பென்சிலால் எழுதிய ஒரு வரி, கடைசி பில்லின்போது பெரிய சண்டையைத் தவிர்த்தது.

கம்பி எடையில் ஏமாற்றுகிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எம்எம் அளவில் கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி சுமார் 10.7 கிலோ. கம்பிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1786-இன்படி 12 எம்எம் கம்பியில் 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். ஆகவே பீஸ் கணக்கில் பில் போட்டால் சம்மதிக்காதீர்கள். லாரியைப் பாரத்தோடும் காலியாகவும் எடைமேடையில் ஏற்றி, இரண்டு சீட்டையும் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

பிளாட்டுக்குக் குடிவந்து மூன்று வருடம். சுவரில் விரிசல். பில்டர் கைவிரிக்கிறார்.

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 14ஆவது பிரிவைக் காட்டிக் கடிதம் எழுதுங்கள். சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால், 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்வது அவர் கடமை. அசையாவிட்டால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுங்கள்.

நான் கட்டட காண்ட்ராக்டர். சென்டரிங் வேலையை (கான்கிரீட்டுக்குப் பலகையும் முட்டும் கொடுப்பது) சப்-காண்ட்ராக்ட் விட்டேன். அவருடைய ஆள் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். நானா பொறுப்பு?

ஆமாம், உங்களுக்கும் பொறுப்பு உண்டு. கட்டுவதே உங்கள் தொழில் என்னும்போது, அதில் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்தாலும் அடிபட்டவர் நஷ்டஈட்டை உங்களிடமே கேட்கலாம். கொடுத்துவிட்டுச் சப்-காண்ட்ராக்டரிடம் நீங்கள் வசூலித்துக்கொள்ளலாம். ‘ஆளுக்கு அவரே பொறுப்பு’ என்ற வரி உங்கள் இருவருக்குள்தான். அந்தத் தொழிலாளியைக் கட்டுப்படுத்தாது. முதலில் ஆஸ்பத்திரிச் செலவைப் பாருங்கள், பங்குக் கணக்கு பிறகு. அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று வீட்டாரிடம் கேளுங்கள். கட்டடச் செலவில் 1 சதவீதம் நலநிதி வசூலிப்பதே இவர்களுக்காகத்தான். அடுத்த ரூஃபுக்கு முன்னால், சப்-காண்ட்ராக்டர் ஆட்களையும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.