துண்டுக்குள் சுற்றும் இரண்டு வாக்குகள்

கேள்வி: போயா தினங்களில் எங்கள் வீட்டில் எட்டுப் பேர் கூடி நொமிக் விளையாடுகிறோம். பதிவாளர் பதவிக்கு நடத்திய தேர்தலில் அக்காவுக்கு மூன்று வாக்குகளும் மச்சானுக்கு மூன்று வாக்குகளும் நேராகக் கிடைத்தன. மிகுதி இரண்டில், "மச்சாள் யாருக்குப் போடுகிறாரோ அவருக்கே எனது வாக்கு" என்று தம்பியும், "தம்பி யாருக்குப் போடுகிறாரோ அவருக்கே" என்று மச்சாளும் எழுதியிருந்தார்கள். எண்ணியவன் நான், எதைச் சேர்ப்பது, எதை விடுவது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: விதிகளை மாற்றுவதையே ஆட்டமாகக் கொண்ட நொமிக்கை மெய்யியலாளர் பீட்டர் சூபர் 1982இல் உருவாக்கினார். அவருடைய தொடக்க விதிகளில் பதவித் தேர்தலும் இல்லை, நிபந்தனை வாக்கும் இல்லை; ஆகவே இந்தச் சிக்கல் முழுக்க உங்கள் வீட்டுச் சொத்து.

நிபந்தனை வாக்கு நமக்குப் புதிதன்று. இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு வாக்கு இடுபவர், 'எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், என் முதல் தெரிவும் முதலிரு இடங்களுக்குள் வராவிட்டால் இவருக்கு' என்றுதான் சொல்கிறார். 2024இல் அந்த வாக்குகள் முதற்தடவையாக எண்ணப்பட்டபோது குழப்பம் நேராததற்குக் காரணம், நிபந்தனை ஏற்கனவே எண்ணி முடித்த முதற்சுற்றைச் சார்ந்திருந்ததே.

உங்கள் இரு துண்டுகளோ ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டையும் அக்காவுக்குச் சேர்த்தாலும் பொருந்தும், மச்சானுக்குச் சேர்த்தாலும் பொருந்தும். யாருக்குச் சேர்க்கிறீர்களோ அவர் ஐந்துக்கு மூன்று என்று வெல்வார், அதாவது வாக்களிப்பவர் நீங்களாகிவிடுவீர்கள். மச்சாள் 'தம்பிக்கு நேரெதிராக' என்று எழுதியிருந்தால் எந்த விடையுமே பொருந்தியிராது. முதலாவதில் விடை இரண்டு, அடுத்ததில் விடையே இல்லை. ஆனாலும் இரண்டையும் வாக்களிக்காததாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மூன்றுக்கு மூன்று சமநிலையாக இருப்பதால் மறுவாக்கெடுப்பு நடத்துங்கள். நாணயம் சுண்ட வேண்டாம்.

அதற்கு முன் ஒரு விதியை நிறைவேற்றுங்கள்: நேர் வாக்குகள் முதலில், அவற்றை மட்டும் சார்ந்தவை அடுத்து, இப்படியே எண்ணிச் சென்று, பெட்டி மூடிய பின் துண்டுகளை மட்டும் கொண்டு தீர்க்க முடியாதவை ஒதுக்கப்படும். 'அக்கா தோற்பதாயின்' என்று முடிவையே நிபந்தனையாக்கும் வாக்குகளை நான் அறவே தடுப்பேன்.

தகராறு எழுந்தால், சூபரின் தொடக்க விதிகளில் 212ஆம் விதிப்படி, ஆடுபவருக்கு முந்திய முறைக்காரரே நீதிபதி. ஏனையோர் ஏகமனதாக மறுத்தாலன்றி அவர் தீர்ப்பு நிற்கும். ஒரு நகர்வு செல்லுமா என்று முடிவாகத் தீர்க்கவே முடியாமற்போனால், தன் முறையை முடிக்க முடியாத முதல் ஆட்டக்காரரை வெற்றியாளராக்குகிறது 213ஆம் விதி. தம்பி அதை வாசித்துவிட்டே துண்டை எழுதினாரோ என்று விசாரியுங்கள்.