வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவேன்: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

மருதமுனையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கைத்தறிச் சாரங்களை லண்டனில் உள்ள கடையொன்றுக்கு அனுப்பி வருகிறேன். போன ஓடருக்கு 'ஐ வில் சென்ட் த சாரோங்ஸ் அன்டில் ஃப்ரைடே' என்று மின்னஞ்சல் போட்டேன். 'வெள்ளிக்குப் பிறகு அனுப்பமாட்டீர்களா?' என்று கேட்டு எழுதினார்கள். 'விதின் ஃப்ரைடே' என்று மாற்றினேன். அதுவும் பிழை என்கிறாள் மகள். எந்தச் சொல்லை எங்கே போடுவது?"

மகள் சொன்னது சரி. கடைக்காரர் கேட்டதும் நியாயமான கேள்விதான். உங்கள் ஆங்கிலம் மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். கச்சேரிக் கடிதங்களிலும் பட்டதாரிகளின் விண்ணப்பங்களிலும் இதே தடுமாற்றம் இருக்கிறது. நாம் தமிழில் ஒரே உருபால் முடித்துவிடும் வேலைக்கு ஆங்கிலம் இரண்டு சொற்களை வைத்திருப்பதே காரணம்.

"வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவேன்" என்கிறோம். "மூன்று நாளைக்குள் அனுப்புவேன்" என்றும் சொல்கிறோம். இரண்டிலும் 'உள்' இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'பை', இரண்டாவதற்கு 'விதின்'. பிரித்தறிய ஒரு கேள்வி போதும். நீங்கள் எழுதப்போவது "எந்த நாள்?" என்பதற்குப் பதிலா, "எத்தனை நாள்?" என்பதற்குப் பதிலா? எந்த நாள், எத்தனை மணிக்கு என்று நாட்காட்டியிலோ மணிக்கூட்டிலோ விரல் வைத்துக் காட்டக்கூடியதாக இருந்தால் பை: பை ஃப்ரைடே, பை 4 பி.எம்., பை 15 ஓகஸ்ட். எத்தனை நாள், எத்தனை வாரம் என்ற அளவாக இருந்தால் விதின்: விதின் த்ரீ டேய்ஸ், விதின் டூ வீக்ஸ். ஆகவே 'விதின் ஃப்ரைடே' எவ்வளவு பிழையோ 'பை த்ரீ டேய்ஸ்' என்பதும் அவ்வளவு பிழை.

மாதப் பெயரோடு பை வரும்போது மட்டும் கவனம் வேண்டும். 'பை மார்ச்' என்றால் மார்ச் பிறப்பதற்குள்ளா, மார்ச் முடிவதற்குள்ளா? வாசிப்பவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். 'பை 31 மார்ச்' என்று எழுதிவிடுங்கள்.

இனி அன்டில். பேச்சில் 'டில்' என்பதும் இதுதான். உன்னிச்சைக் குளத்து விவசாயிகளின் சிறுபோக ஆரம்பக் கூட்டம் போன்ற ஒன்றுக்குப் போயிருந்தால் இரண்டு விதமான திகதிகளைக் கேட்டிருப்பீர்கள். இன்ன திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும் என்பது ஒன்று. இன்ன திகதி வரை வாய்க்காலில் தண்ணீர் தரப்படும் என்பது மற்றது. விதைப்பு அந்தத் திகதிக்கு முன் எப்போது முடிந்தாலும் சரி. தண்ணீர் அந்தத் திகதி வரை நிற்காமல் வரவேண்டும். முதலாவது பை, இரண்டாவது அன்டில். வினைச்சொல்லே இதைத் தீர்மானிக்கிறது. அனுப்புதல், முடித்தல், பணம் கட்டுதல் ஆகியவை ஒரு தடவையோடு தீரும் வேலைகள், அவற்றுக்குப் பை. காத்திருத்தல், கடை திறந்திருத்தல், சரக்கை ஒதுக்கி வைத்திருத்தல் ஆகியவை நீண்டுகொண்டே போகும் நிலைகள், அவற்றுக்கு அன்டில். நீங்கள் 'சென்ட்' என்ற வினையோடு அன்டில் போட்டதால், வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருந்துவிட்டு அதன்பின் நிறுத்திவிடுவீர்கள் என்று லண்டனில் வாசித்திருக்கிறார்கள்.

"வெள்ளி வரைக்கும் டைம் இருக்கு" என்று நாம் சொல்வோமே, அங்கு அன்டில் பொருந்தும். டைம் இருப்பது நீளும் நிலை. 'வீ ஹேவ் அன்டில் ஃப்ரைடே' என்பது நல்ல ஆங்கிலம். இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பலர் 'சென்ட்' உடனும் அன்டிலைச் சேர்த்துவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

வியாபாரத்தில் ஆபத்தான இடம் எதிர்மறை வாக்கியம். சாய நூல் வரத் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். 'வீ கேனொட் சென்ட் த சாரோங்ஸ் அன்டில் த ஃபிஃப்டீன்த்' என்று எழுதினால், 15ஆம் திகதிக்கு முன் இயலாது, அன்றைக்கு அனுப்பலாம் என்று பொருள்படும். அன்டிலை எடுத்துவிட்டுப் பை போட்டால், 15க்குள் அனுப்ப இயலாது என்று மட்டும் ஆகும். பிறகு எப்போது என்பதற்கு அதில் பதிலே இல்லை. ஒரு சொல் மாறியதும் முதலாவது வாக்குறுதியாகிறது, இரண்டாவது கைவிரிப்பாகிறது. எதிர்மறையில் எழுதியதை அனுப்புமுன் இன்னொரு தடவை வாசியுங்கள். முடிந்தால் எதிர்மறையையே தவிர்த்து, 'வீ வில் சென்ட் த சாரோங்ஸ் ஒன் 15 ஓகஸ்ட்' என்று நேராகச் சொல்லுங்கள்.

'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை சேராது, வியாழனோடு முடிந்தது. 'பை ஃப்ரைடே' என்றால் வழக்கத்தில் வெள்ளியும் சேரும். பணமோ அபராதமோ சம்பந்தப்பட்ட விடயத்தில் அந்த வழக்கத்தை நம்பியிருக்காமல் 'ஒன் ஓர் பிஃபோர்' என்று எழுதுவது நல்லது. அரச விளம்பரங்களிலும் விலைமனு அழைப்புகளிலும் அந்தத் தொடரைக் காண்பீர்கள். நீட்டி முழக்குவது போலத் தெரிந்தாலும் அந்த நாளும் சேரும் என்பதை அது ஐயமின்றிச் சொல்கிறது. 'நோ லேட்டர் தான்' என்பதும் அதே வேலையைச் செய்யும். கொஞ்சம் கறாரான தொனி, அவ்வளவுதான்.

'இன் த்ரீ டேய்ஸ்' என்று எழுதிவிட்டு மூன்று நாளைக்குள் என்று நினைப்பவர்கள் உண்டு. வருங்காலத்தைப் பற்றிப் பேசும்போது அது பெரும்பாலும் இன்றிலிருந்து மூன்று நாள் கழித்து என்றே கொள்ளப்படும். நாளைக்கே அனுப்ப வாய்ப்பு இருந்தால் விதின்தான் பொருத்தம்.

விதின் எழுதும்போது நம்மவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது, எங்கிருந்து எண்ணுவது என்பதை. 'விதின் ஃபோர்டீன் டேய்ஸ்' என்று மட்டும் சொன்னால், கடிதத்தில் போட்ட திகதியிலிருந்தா, கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்தா? தபாலில் ஒரு வாரம் போனால் பாதி அவகாசம் போய்விடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தைப் பாருங்கள். கோரிக்கை கிடைத்ததிலிருந்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு 'விதின் ஃபோர்டீன் வர்க்கிங் டேய்ஸ் ஒஃப் த ரிசீப்ட்' என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை நாள், எந்த வகை நாள், எங்கிருந்து எண்ணுவது ஆகிய மூன்றும் ஒரே தொடரில் வந்துவிட்டன. வேலை நாள் என்று சொல்லியிருப்பதால் சனி, ஞாயிறு, இடையில் வரும் ஒரு போயா எல்லாம் கழிந்து, 14 நாள் என்பது கிட்டத்தட்ட மூன்று வாரமாக நீளும். உங்கள் லண்டன் கடைக்காரருக்குப் போயா விடுமுறை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வேலை நாள் கணக்கில் வாக்குக் கொடுத்தால், கடைசி நாள் எந்தத் திகதி என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நேர வித்தியாசமும் உண்டு. லண்டனில் வெள்ளி மாலை 5 மணி என்பது இங்கே குளிர்காலத்தில் இரவு 10.30, அவர்கள் கோடைகால நேரத்துக்கு மாறியபின் 9.30. 'பை 5 பி.எம்.' என்று எழுதினால் யாருடைய ஐந்து மணி என்பதையும் சேர்க்க வேண்டும்: 'ஸ்ரீ லங்கா டைம்' என்ற மூன்று சொல். நள்ளிரவு என்று ஒருபோதும் எழுதாதீர்கள். வெள்ளி நள்ளிரவு என்றால் வியாழன் முடிகிற நேரமா, வெள்ளி முடிகிற நேரமா என்று ஆங்கிலம் பேசுபவர்களே குழம்புவார்கள். இரவு 11.59 என்று போடுங்கள். மாதத்தையும் எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்பது நமக்கும் லண்டனுக்கும் ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

இனி உங்கள் மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்: 'வீ வில் சென்ட் த சாரோங்ஸ் பை 5 பி.எம்., ஸ்ரீ லங்கா டைம், ஒன் ஃப்ரைடே, 15 ஓகஸ்ட் 2025.' பணத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க விரும்பினால்: 'ப்ளீஸ் பே விதின் செவன் டேய்ஸ் ஒஃப் ரிசீவிங் த பார்சல்.' இன்னும் பத்துச் சாரத்தை அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தால்: 'வீ வில் ஹோல்ட் டென் மோர் சாரோங்ஸ் ஃபோர் யூ அன்டில் 31 ஓகஸ்ட்.'

தறி பழுதாகியோ மழையாலோ சொன்ன நாளில் அனுப்ப முடியாமல் போகும் என்று தெரிந்தால், அந்த நாள் வருமுன்னரே அவகாசம் கேளுங்கள். அவகாசம் நீளும் நிலை என்பதால் அங்கே அன்டில் வரும். அனுப்புவது பை: 'குட் யூ கிவ் அஸ் அன்டில் மன்டே, 18 ஓகஸ்ட்? வீ வில் சென்ட் எவ்ரிதிங் பை 12 நூன் தட் டே.'