சிகரெட்டில் நன்மையும் இருக்கிறதாமே, டொக்டர்?

கேள்வி: எனக்கு 47 வயது. திருகோணமலை, திருக்கடலூரில் இருக்கிறேன். இரவில் கடலுக்குப் போகும் தொழில். ஒரு நாளைக்கு எட்டு, பத்து சிகரெட் குடிப்பேன். அப்பாவுக்கு பார்க்கின்சன் நடுக்கம். சிகரெட் குடிப்பவர்களுக்கு அந்த வருத்தம் வருவது குறைவு என்று ஃபோனில் ஒரு வீடியோ வந்தது. எனக்கும் சிகரெட் இருந்தால்தான் காலையில் வயிறு சரியாகப் போகும், கடலில் நித்திரை வராது, மனமும் ஆறும். மனைவி விடச் சொல்கிறா. நன்மையும் இருப்பதால் மூன்றாகக் குறைத்தால் போதாதா?

பதில்: அந்த வீடியோ சொன்னது பொய் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘அதெல்லாம் கட்டுக்கதை’ என்று நான் தட்டிவிட்டால், நாளைக்கு நீங்களே தேடிப் பார்த்துவிட்டு நான் சொன்ன மற்றதையும் நம்பாமல் போவீர்கள்.

ரிச்சர்ட் டோலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951இல் பிரித்தானியாவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 34,000க்கும் மேற்பட்ட ஆண் டொக்டர்களிடம் புகைப்பழக்கத்தைக் கேட்டுப் பதிந்து, யார் எந்த வருத்தத்தில் இறக்கிறார்கள் என்று பல பத்தாண்டுகள் பார்த்துவந்தார்கள். அதில் புகைத்தவர்களிடம் பார்க்கின்சன் சுமார் 30 வீதம் குறைவாகவே இருந்தது. ஆனால் அதே ஆய்வின் 50 வருடக் கணக்கு 2004இல் வந்தபோது, விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முந்தி இறந்திருந்தார்கள். உங்களுக்கு வந்த வீடியோவில் முதல் பாதிதான் இருந்திருக்கிறது.

ஆட்களை வைத்தே எண்ணிப் பார்ப்போம். 60 வயதைத் தாண்டியவர்களில் பார்க்கின்சன் இருப்பது நூற்றுக்கு ஒருவர் அளவில். ஆயுள் முழுக்கப் புகைக்கும் நூறு பேரை எடுத்தால், சிகரெட்டால் அந்த நடுக்கத்திலிருந்து தப்புபவர் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். அதே நூறு பேரில் குறைந்தது ஐம்பது பேரை அந்தப் புகையே கொல்லும். அந்த 30 வீதமும் முழுக்க சிகரெட்டின் வேலை என்று சொல்ல முடியாது. நடுக்கம் தெரிவதற்குப் பல வருடம் முன்பே அந்த வருத்தம் மூளையில் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு சிகரெட்டில் பிடிப்பு குறைவு, சுலபமாக விட்டுவிடுவார்கள் என்றும் ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். சிகரெட்டுக்கு அடிமையாக்கும் பொருள் நிகோட்டின். நோய் வந்தவர்களுக்கு அதைத் தோல் வழியே கொடுக்கும் ஒட்டுப்பட்டை போட்டும் சோதித்தார்கள். வருத்தம் கூடுவதை அது தடுக்கவில்லை. அப்புறம், அப்பாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வரும் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை.

வயிறு போவது உண்மைதான், நிகோட்டின் பெருங்குடலைத் தூண்டும். விட்ட பிறகு சில வாரம் மலச்சிக்கல் வரலாம். தண்ணீர், கீரை, பப்பாசிப்பழம் போதும்.

மனம் ஆறுவதுதான் பலரையும் ஏமாற்றுவது. இழுத்த பத்து, இருபது செக்கனில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடும். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். அப்போது பதற்றம், எரிச்சல், கவனமின்மை எல்லாம் தலைகாட்டும். அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது. அந்தப் பதற்றத்தைக் கொண்டுவந்ததே முந்தின சிகரெட்தான். விட்டவர்களைச் சில மாதம் கழித்துப் பார்த்த ஆய்வுகளில், அவர்களின் மனப் பதற்றமும் சோர்வும் முன்பைவிடக் குறைந்திருந்தன. கடலில் நித்திரை முழிப்பதும் இதே கதை. போதாததற்கு, பகலில் வந்து படுக்கும்போது நல்ல நித்திரையையும் அது கெடுக்கும். மண்ணெண்ணெய்க் கேனுக்குப் பக்கத்தில் தீக்குச்சி உரசுவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மூன்று போதாதா என்று கேட்டீர்கள். நுரையீரலுக்கு ஓரளவு நல்லது, இதயத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. 141 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு 2018இல் வெளிவந்தது. நாளுக்கு இருபது சிகரெட்டால் கூடும் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறையப் பாதி, ஒரே ஒரு சிகரெட்டாலேயே வந்துவிடுகிறது. கொஞ்சப் புகைக்கே இரத்தம் உறையும் தன்மை கூடும், இரத்தக்குழாய்ச் சுவர் கெடும். குறைத்தவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுப்பதும் வழக்கம். உங்கள் தொழிலில் எனக்கு இதுதான் பெரிய கவலை. நெஞ்சுநோ ஊருக்குள் வந்தால் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நடுக்கடலில் வந்தால் வலையை இழுத்து, எஞ்சினைத் திருப்பி, கரை சேர எத்தனை மணித்தியாலம் ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மாரடைப்பில் இதயத் தசை நிமிடக் கணக்கில் சாகிறது.

அதனால் குறைப்பதை விடுவதற்கான படியாக மட்டும் வையுங்கள். ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்றோடு நிறுத்துங்கள். கடலுக்குப் போகாத இரண்டு, மூன்று நாளோடு அது தொடங்கினால் நல்லது, முதல் மூன்று நாள்தான் கடினம். ஆசை வந்தால் சில நிமிடத்தில் தணிந்துவிடும். தண்ணீர் குடியுங்கள், வலைக் கிழிசலைப் பாருங்கள், யாரோடாவது கதையுங்கள். படகில் கூட வருபவர்களிடமும் சொல்லிவையுங்கள், யாரும் நீட்டக்கூடாது. தாங்க முடியாவிட்டால் நிகோட்டின் சுவிங்கம் அல்லது ஒட்டுப்பட்டை பற்றி டொக்டரிடம் கேளுங்கள். பதிலுக்குப் புகையிலை போட்ட வெற்றிலைக்குப் போய்விடாதீர்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.

பலர் அறியாத ஒன்று: சிகரெட் குடிக்கும்போது உடல் கஃபீனை வேகமாகக் கரைக்கும். விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே அளவு கடும் தேத்தண்ணியும் கோப்பியும் குடித்தால் படபடப்பு வரும், நித்திரை போகும். ‘சிகரெட் இல்லாமல்தான் இப்படி’ என்று நினைத்துத் திரும்பவும் பற்ற வைப்பவர்கள் உண்டு. பாதியாகக் குறையுங்கள். நாலைந்து கிலோ எடையும் கூடலாம், அதை நடந்தே பார்த்துக்கொள்ளலாம்.

டோலின் ஆய்வில் 40 வயதில் விட்டவர்களுக்கு சுமார் ஒன்பது வருடமும், 50இல் விட்டவர்களுக்கு ஆறு வருடமும் திரும்பக் கிடைத்தன. நீங்கள் இரண்டுக்கும் இடையில் நிற்கிறீர்கள்.

இந்த வாரமே ஆஸ்பத்திரியில் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பாருங்கள். மனைவியையும் கூட்டிப்போங்கள், விடுவதற்கு அவவின் துணை வேண்டும். வலை இழுக்கும்போது நெஞ்சு இறுக்கி, வேர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ நோ பரவினால் வாய்வு என்று இருந்துவிடாதீர்கள். உடனே கரைக்குத் திரும்புங்கள், சிக்னல் கிடைத்ததும் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாகவே வரும்.