டிரைவர் மகள் ரயில் ஓட்டக் கூடாதா?

அண்ணே, மகள் பிளஸ் டூவில் வாங்கியிருப்பது நல்ல மார்க். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவள் ‘லோகோ பைலட் ஆகணும்’, அதாவது ரயில் இன்ஜின் ஓட்டணும் என்றதும் நீங்கள் சொன்னது என்னை விடவில்லை: “என் பொழப்பு என்னோட போகட்டும் மேடம். ஸ்டியரிங் பிடிச்ச கைக்கு என்ன மரியாதை இருக்கு?”

உங்கள் ஆதங்கம் நியாயமானது. அரசு பஸ் ஓட்டக் கனரக வாகன லைசென்ஸ் வேண்டும், பதினெட்டு மாத அனுபவம் வேண்டும், முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். இப்போது டிரைவரே கண்டக்டராகவும் இருக்க வேண்டும் என்று அந்த லைசென்சையும் கேட்கிறார்கள். இத்தனையும் கேட்டுவிட்டு, 2025 அறிவிப்பில் சொன்ன அடிப்படைச் சம்பளம் 17,700 ரூபாயில்தான் தொடங்கியது. ஓய்வுபெற்றவர்களின் அகவிலைப்படிக்காக 2024 ஜனவரியில் ஸ்ட்ரைக் வரை போனதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பஸ் நிறைய ஆட்களை நெரிசல் ரோட்டில் தினமும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் திறமைக்கு இந்தச் சம்பளம் போதவே போதாது.

ஆனால் அதற்குப் பரிகாரமாக உங்கள் மச்சினர் சொல்வது தவறு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பெரிய ஐடி கம்பெனிகள் பலவற்றில் புதிதாகச் சேருபவர்களின் ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டியே பல வருடமாக நிற்கிறது. அந்த வேலையும் கிடைத்தால்தான் உண்டு. கடன் தவணை மட்டும் தவறாமல் வரும்.

அதைவிட முக்கியம், அவளுக்குக் கோடிங்கில் துளி ஆசை இல்லை. நீங்கள் வெளியே போன் பேசப் போன நேரத்தில், மார்க்‌ஷீட் ஜெராக்ஸின் பின்பக்கத்தில் ரயில் பிரேக்கை வரைந்து காட்டினாள். குழாயில் காற்றழுத்தம் குறைந்தால்தான் பிரேக் பிடிக்கும், அதனால் நடுவில் பெட்டி கழன்றாலும் ரயில் தானாக நிற்கும் என்று விளக்கினாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகத் தேடிப் படித்தது அது. இந்த நாட்டம் இருக்கும் பிள்ளையை வேறு பக்கம் தள்ளாதீர்கள்.

சரி, வழி என்ன? கணிதம், இயற்பியலோடு பிளஸ் டூ முடித்தவர்கள் அரசு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. எலெக்ட்ரிகல் டிப்ளமோ இரண்டே வருடத்தில் கைக்கு வரும். தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் ஒன்றுமே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும்.

அந்த டிப்ளமோவோடு ரயில்வே தேர்வு வாரியத்தின் உதவி லோகோ பைலட் தேர்வு எழுதலாம். 2025-ல் மட்டும் 9,970 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. முதல் இரண்டு கட்டத் தேர்வுகளைத் தமிழிலேயே எழுதலாம். மூன்றாவதாகக் கணினி வழியே நடக்கும் திறனறித் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். நினைவாற்றல், கவனம், தூரத்தைக் கணிப்பது என்று சோதிப்பார்கள். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் அது. இப்போதிருந்தே பழகட்டும்.

இப்போதைய ஊதிய அட்டவணையில் அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். அதோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஓடும் கிலோமீட்டருக்கேற்ற படி எல்லாம் உண்டு. பதவி உயர்ந்து சரக்கு ரயில் லோகோ பைலட் ஆனால் அடிப்படையே 35,400-க்குப் போகும். பஸ்ஸைவிட இங்கே திறமைக்கு மதிப்பு கூடுதல் என்றுதான் சொல்வேன்.

கஷ்டமும் உண்டு, அதையும் கேளுங்கள். இன்ஜினில் அறுபது விநாடி எதையும் இயக்காமல் இருந்தால் விளக்கு எரியும், ஒலி எழும். அப்போதும் கை அசையாவிட்டால் பிரேக் தானாகப் பிடித்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கும் அந்த விழிப்பு வேண்டும். வார ஓய்வு போதவில்லை, தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் டியூட்டி போடக்கூடாது என்று தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் 2024 ஜூனில் போராடினார்கள். பல இன்ஜின்களில் இன்னும் கழிப்பறை இல்லை. பெண் பிள்ளைகளை இந்த நிலையில் வேலை வாங்குவது அநியாயம், அது மாறியே ஆக வேண்டும். இதையெல்லாம் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். “தெரியும் மேடம்” என்றாள். மகாராஷ்டிராவின் சதாராவைச் சேர்ந்த பெண் லோகோ பைலட் சுரேகா யாதவ் பற்றியும் அவளே சொன்னாள். எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்து எண்பதுகளின் கடைசியில் உதவி டிரைவராகச் சேர்ந்தவர், 2023-ல் வந்தே பாரத் ரயிலை ஓட்டியவர், 2025-ல்தான் ஓய்வுபெற்றார்.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் முடித்துவிடுங்கள். இந்த வேலைக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் முழுப் பார்வை வேண்டும், நிறங்களைப் பிரித்தறிய வேண்டும். லேசிக் ஆபரேஷன் செய்து சரிசெய்திருந்தாலும் ஏற்க மாட்டார்கள். இந்த வாரமே அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் காட்டி விடுங்கள். பார்வையில் குறை இருந்தால் வேறு திட்டம் போடுவோம். அதே டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது. பார்வை சரியாக இருந்தால் பாலிடெக்னிக் விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாமல் போட்டுவிடுங்கள். மச்சினர் ஏதாவது சொன்னால் என் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.