பணவீக்கம் இறங்கியும் பருப்பு விலை இறங்கவில்லையே? – கேள்வி பதில்

வெள்ளவத்தை வாசகி: 2023 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 1.3% என்றார்கள். கடையில் ஒரு சாமானும் இறங்கேல்லையே, அண்ணா?

இறங்காது. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடை, மறுவருடம் 69.8% ஏறிச் சுமார் 170 ஆனது. அதற்கு மேல் 1.3% என்றால் 2023 செப்டெம்பரில் 172. பழைய 100 திரும்பி வரவில்லை. செலவைக் கணக்கிட வீதத்தை விட்டுவிட்டுச் சுட்டெண்ணையே எடுங்கள். அடியாண்டு என்ற ஒரு வருடத்தில் கூடையின் விலையை 100 என்று வைத்து, மற்றக் காலத்து விலையை அதோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது: புதியதைப் பழையதால் வகுத்தால் போதும். ஆனால் இரண்டுக்கும் அடியாண்டு ஒன்றா என்று பாருங்கள். 2013 அடியாண்டு 2023இல் 2021 ஆக மாறியது. இரண்டையும் கலந்து வகுத்தால் விடை குப்பை.

இன்னொன்று, கொழும்புச் சுட்டெண் கொழும்பு மாவட்ட நகர்ப்புற வீடுகளின் கூடை. மாதக் கடைசியிலேயே வந்துவிடுவதால் செய்திகளில் அதுதான் அடிபடும். மட்டக்களப்பைப் பற்றிப் பேசத் தேசியச் சுட்டெண் வேண்டும். அது மறுமாதம் 21ஆம் திகதியளவில் வரும். அதில் உணவின் பங்கும் கூட.

கொட்டாஞ்சேனை மாணவர்: 2019இல் ஒரு வீட்டின் மாத வருமானம் 76,414 ரூபாயாம். எங்கட ஒழுங்கையில அப்படி யாரும் இல்லையே?

அது சராசரி. நாலு பணக்கார வீடுகள் போதும், அதை மேலே இழுத்துவிட. அதே அளவீட்டில் இடையம் 53,333: வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் தொகை. பாதி வீடுகளுக்கு அதுவும் இல்லை. பிறகு துறைவாரியாகப் பிரியுங்கள். அந்த வருட வறுமை வீதம் நாடு முழுக்க 14.3%, நகரத்தில் 6%, பெருந்தோட்டத்தில் 33.8%. தேசிய எண்ணை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தோட்டம் தெரியாது.

தெஹிவளை வாசகர்: நெருக்கடி வந்த 2022இல் வேலையின்மை 4.7% தானா? பொய்யா?

பொய் இல்லை, வரைவிலக்கணம் அப்படி. அளவீடு எடுத்துக்கொள்ளும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் உழைத்தாலே வேலையில் உள்ளவர். குடும்பக் கடையில் சம்பளமின்றி நிற்பவரும் அப்படித்தான். தேடிக் களைத்து விட்டவர் தொழிற்படைக்கு, அதாவது வேலை செய்வோரும் தேடுவோரும் சேர்ந்த கூட்டத்துக்கு, வெளியே போய்விடுவார். வேலையற்றோர் கணக்கிலும் இல்லை. ஆகவே தொழிற்படையில் இருப்பவர் எத்தனை பங்கு என்னும் பங்கேற்பு வீதத்தையும் பக்கத்தில் வையுங்கள்: பெண்களில் மூன்றில் ஒருவரளவு, ஆண்களில் பத்தில் ஏழு பேரளவு.

வத்தளை மாணவி: யாழ்ப்பாணச் சனத்தொகைக்கு 1981, 2001, 2012 என்று கோடு வரையலாமா?

2001ஐ விடுங்கள். அவ்வருடக் குடிசன மதிப்பீட்டில் முழுமையாக எண்ணியது 18 மாவட்டங்களை மட்டுமே, யாழ்ப்பாணம் அதில் இல்லை. 1991இல் எண்ணவே இல்லை. 1981க்கும் 2012க்கும் நடுவிலான 31 வருட இடைவெளியை நேர்கோட்டால் இணைத்தால் யுத்தமும் இடப்பெயர்வும் கோட்டுக்குள் மறைந்துவிடும். இரண்டு புள்ளிகளாகவே விடுங்கள்.

கல்கிசை வாசகர்: 2012இல் இலங்கையில் நகரவாசிகள் 18.2% மட்டுமா?

மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால்தான் நகரம். பிரதேச சபைக்குள் எவ்வளவு நெருக்கமாக வீடுகள் இருந்தாலும் கணக்கில் கிராமம்.