ஓவர்டைம் கேட்க முடியாது, ஏஜென்ட்டைக் கேட்கலாம்

கேள்வி: டெக்சாஸில் ஒரு சார்ட்டர் பள்ளியில் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி) எச்-1பி விசாவில் அறிவியல் ஆசிரியை. வாரம் 60 மணி நேரம் வேலை. ஓவர்டைம் கேட்கலாமா? அழைத்துவந்த ஏஜென்ட் மாதாமாதம் சம்பளத்தில் 10% வாங்குகிறார்.

பதில்: ஓவர்டைம் கிடையாது. 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்ற 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில், பாடம் நடத்துவதே முதன்மை வேலையாக உள்ளவர்களுக்கு இடமில்லை. மற்ற மாதச் சம்பளக்காரர்களை ஓவர்டைமிலிருந்து விலக்க வாரம் 684 டாலராவது தர வேண்டும். ஆசிரியருக்கு அந்த வரம்பும் இல்லை. டெக்சாஸின் குறைந்தபட்ச ஆசிரியர் சம்பள அட்டவணையும் சார்ட்டர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. வீட்டுக்குத் தூக்கிவரும் விடைத்தாள்களை யாரும் எண்ணப்போவதில்லை.

துணை முதல்வரானாலும் பெரும்பாலும் இதே கதைதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாளை ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று பெயர் சூட்டி, வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு, நாள் முழுக்க வருகைப்பதிவும் போனும் பார்க்க உட்கார வைத்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஆசிரியரும் இல்லை, நிர்வாகியும் இல்லை; குமாஸ்தா. அப்போது ஓவர்டைம் உண்டு. கதவில் தொங்கும் பெயர்ப்பலகை எதையும் மாற்றாது. (விசா மனுவில் சொன்ன வேலையும் அதுவல்ல, அது தனித் தலைவலி.)

சரி, ஏஜென்ட்டுக்கு வருவோம். இதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை. எச்-1பி மனுச் செலவும் அதற்கான வக்கீல் ஃபீஸும் பள்ளியின் பொறுப்பு. அதை உங்கள் தலையில் கட்டி, எல்.சி.ஏ.யில், அதாவது விசாவுக்காகப் பள்ளி தொழிலாளர் துறைக்குக் கொடுத்த விண்ணப்பத்தில், எழுதிய சம்பளத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. லூசியானாவுக்கு வந்த சுமார் 350 பிலிப்பினோ ஆசிரியர்களிடமும் ஒரு ஏஜென்சி இப்படித்தான் சம்பளத்தில் பங்கு கேட்டது. 2012இல் ஜூரி 45 லட்சம் டாலர் தரச் சொன்னது. எல்.சி.ஏ. பிரதியை ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள், பள்ளியிடம் கேளுங்கள். ரொக்கமாகக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். “புகார் செய்தால் விசா போய்விடும்” என்பார் ஏஜென்ட். புகார் செய்தவரைப் பழிவாங்குவதே சட்டவிரோதம். தொழிலாளர் துறைக்கு டபிள்யூ.எச்-4 என்ற புகார்ப் படிவம் போதும், செலவில்லை, ஆனால் தவறு நடந்து 12 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜ்ஸ் மாவட்டப் பள்ளி நிர்வாகம் இந்தச் செலவுகளை ஆசிரியர்கள் தலையில் கட்டி 2011இல் மாட்டியது. 1,044 பேருக்கு 42 லட்சம் டாலர் திரும்பக் கிடைத்தது. அப்புறம் அந்த நிர்வாகம் இரண்டு ஆண்டு எச்-1பி மனுவே போடக் கூடாது என்று தடை. புதுப்பிக்க வழியில்லாமல் பெட்டி கட்டியது ஆசிரியர்கள்! இதற்குப் பெயர் பாதுகாப்பாம். அதனால் புகாரை எழுதும்போதே, விசாவை மாற்றிக்கொள்ள இன்னொரு பள்ளியையும் தேடத் தொடங்குங்கள்.